தனியாக எடுத்து வைத்த ட்யூப்

எங்கள் ஆய்வகத்தில் அவருக்குத் தராசு அக்கா என்று பெயர். நேரில் அக்கா, முதுகுக்குப் பின்னால் தராசு. அது அவருக்கும் தெரியும். அதிவேகச் சுழல் இயந்திரத்துக்குள் எதிரும் புதிருமாக வைக்கிற இரண்டு ட்யூப்களும் ஒரே எடையாக இருக்க வேண்டும். கொஞ்சம் பிசகினாலும் இயந்திரம் முதலில் முனகும், அப்புறம் உதறும், அப்போதும் கவனிக்காவிட்டால் உள்ளே இருக்கும் உலோக உருளை பிய்த்துக்கொண்டு வந்துவிடும். எல்லோரும் எடை பார்ப்போம்தான். ஆனால் அக்கா எடை போடுவதைப் பார்த்துக்கொண்டு பின்னால் நிற்கப் பொறுமை வேண்டும். ஒரு சொட்டு விடுவார், தராசின் கண்ணாடிக் கதவைச் சாத்துவார், எண் நிற்கும்வரை மூச்சைக்கூட அடக்கிக்கொள்வார், பிறகு திருப்தி இல்லாமல் அரைச் சொட்டைத் திரும்ப உறிஞ்சுவார்.

"அக்கா, நகைக்கடையா நடத்துறீங்க? பின்னாடி ஆள் நிக்குது!"

"நகை கோணலா இருந்தா மாத்திக்கலாம் ராசா. இது கோணலாச்சுன்னா மாத்திக்க நீ இருக்க மாட்ட."

என்னை மட்டும் அவர் பட்டதாரி என்று கூப்பிடுவார். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான் என்பதைச் சேர்ந்த அன்றே, யாரும் கேட்காமலே, டீ குடிக்கிற இடத்தில் பெருமையடித்துவிட்டேன். அன்றிலிருந்து "பட்டதாரி, அந்த டப்பாவ எடு", "பட்டதாரி, கையுறைய மாத்து" என்றுதான் என் பிழைப்பு ஓடியது.

என்னதான் வேலை என்று அம்மா போனில் கேட்டால் நான் சொல்வது இதுதான். நம் உடம்பில் ஒவ்வொரு செல்லும் சின்னச் சின்னப் பொட்டலங்களைக் கட்டி வெளியே அனுப்பிக்கொண்டே இருக்கிறது. ரத்தத்தில், சிறுநீரில், எச்சிலில் எல்லாம் அவை மிதக்கின்றன. சாதாரண மைக்ராஸ்கோப்பில் கண்ணுக்கே படாத அளவு. வெசிக்கிள் என்பது அவற்றின் பெயர். அனுப்பிய செல்லின் சரக்கு கொஞ்சம் உள்ளே இருக்கும்: புரதம், ஆர்.என்.ஏ. பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தால் அது ஈரலிலிருந்து வந்ததா கணையத்திலிருந்து வந்ததா, அனுப்பிய செல் ஒழுங்காக இருக்கிறதா புற்றாகத் திரும்பிக்கொண்டிருக்கிறதா என்று ஓரளவு சொல்லலாம். கத்தி வைக்காமல் உள்ளே நடப்பதைத் தெரிந்துகொள்கிற வழி.

அம்மா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அடுத்தவங்க பொட்டலத்தப் பிரிச்சுப் பாக்கவாடா உன்ன இவ்வளவு படிக்க வச்சோம்?" என்றார்.

இதை அக்காவிடம் சொன்னபோது வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "உங்கம்மாகிட்ட சொல்லு, பிரிக்கிறது ஈசி. அது யாரு கட்டின பொட்டலம்னு கண்டுபிடிக்கறதுக்குள்ளதான் தாவு தீந்துடுது."

உண்மை அதுதான். ரத்தத்தை முதலில் மெதுவாகச் சுழற்றிச் சிவப்பணுக்களை அடியில் உட்கார வைக்க வேண்டும். மேலே நிற்கும் மஞ்சள் நீரை எடுத்து இன்னொரு முறை சுழற்றி, மிச்சமிருக்கும் தட்டணுக்களையும் கழிக்க வேண்டும். டெங்கு வந்தால் எல்லோரும் எண்ணிக்கொண்டிருப்போமே, அந்தப் பிளேட்லெட்தான் தட்டணு. அதுவும் பொட்டலம் கட்டுகிற ஜாதி, அதுவும் கண்டபடி கட்டும். இரண்டு சுழற்சிக்குப் பிறகு கிடைக்கும் தெளிந்த நீரைச் சின்ன ட்யூப்களில் பிரித்து, கை வைத்தால் தோல் ஒட்டிக்கொள்ளும் குளிரில் உறைய வைக்க வேண்டும். பொட்டலங்களைப் பிரிக்கும் வேலை அதற்கும் அப்புறம், சில நேரம் வருடங்கள் கழித்து வரும். இந்த முதல் பாதி முழுக்க அக்காவின் கையில்.

எங்களிடம் வருவதற்கு முன் அக்கா ஒரு தனியார் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் நெடுநாள் இருந்தார். அப்பா சீக்கிரமே போய்விட்டார். அம்மா ஓர் உணவகத்தில் பாத்திரம் கழுவினார். அம்மா விடியற்காலை கிளம்பிவிடுவதால் தம்பிக்குத் தலைவாரி, சட்டைப் பொத்தான் போட்டு, பள்ளிக்கு இழுத்துக்கொண்டு போனதெல்லாம் அக்காதான். பள்ளி முடித்ததும் ஒரு டிப்ளமோ, உடனே வேலை. ஊசி குத்தி ரத்தம் எடுப்பதில் அவர் கை அப்போதே பெயர் வாங்கியிருந்ததாம்.

அந்த நிலையத்தில் ஒரு வழக்கம் இருந்தது. வருகிறவர்களின் ரத்தமெல்லாம் மேசைமேல் ஸ்டாண்டில் வரிசையாக நிற்கும். முறை வரும்போது இயந்திரத்துக்குள் போகும். முதலாளி வீட்டு ஆள், டாக்டரின் மாமியார், பெரிய அதிகாரி என்று யாராவது வந்தால் மட்டும் உள்ளறையிலிருந்து ஒரு நீலப் பெட்டி வெளியே வரும். நிறைய ஐஸ். அந்த ட்யூப்பை அதில் படுக்க வைத்து, ஒருவர் இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு போவார். வி.ஐ.பி. பெட்டி என்றே அதற்குப் பெயர்.

"சில டெஸ்டுக்கு நெஜமாவே ஐஸ் வேணும். சர்க்கரை பாக்க எதுக்கு? ஆனா ஐஸ்ல வச்சாத்தான் அவங்களுக்குத் திருப்தி. எங்களுக்கும் அதுவே பழகிப்போச்சு. முக்கியமான ரத்தம்னா கை தானா ஐஸத் தேடும்" என்று அக்கா பின்னாளில் என்னிடம் சொன்னார். அவருடைய அம்மா படுக்கையில் விழுந்தபோது ரத்தம் அதே நிலையத்துக்குத்தான் வந்தது. அது ஸ்டாண்டில் மற்றவற்றோடு நின்றது. அங்கேயே வேலை பார்த்தும் நீலப் பெட்டியைக் கேட்க அக்காவுக்கு வாய் வரவில்லை.

எங்கள் ஆய்வகத்தின் தலைவர் ஒரு பேராசிரியர். நாங்கள் மேடம் என்போம். நாற்பதைத் தாண்டிய பிறகு திடீரென்று சர்க்கரை வந்தவர்களின் ரத்தம் வேண்டும் என்று மேடம் ஓர் ஆய்வைத் தொடங்கினார். சிலருக்கு அந்தச் சர்க்கரை, கணையத்தில் கிளம்புகிற புற்றின் முதல் அறிகுறியாக இருக்கலாம். எல்லோருடைய ரத்தத்தையும் இப்போதே வாங்கி உறைய வைத்துவிடுவது. பிற்பாடு யாருக்காவது அந்த நோய் வந்தால், அவருடைய பழைய ட்யூப்பை எடுத்து, பொட்டலங்களில் அப்போதே ஏதாவது தெரிந்ததா என்று பார்ப்பது. ஆளும் பேரும் தெரியாமலிருக்க ட்யூப்பின்மேல் எண் மட்டும்தான் இருக்கும். முடிவை யாருக்கும், அவருடைய குடும்பத்துக்கும்கூட, சொல்லக் கூடாது.

ரத்தம் கொடுக்க ஆள் கிடைப்பது குதிரைக் கொம்பாக இருந்தது. அக்கா தன் தம்பியைக் கூட்டி வந்தார். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். சர்க்கரை என்று தெரிந்து ஒரு மாதம்கூட ஆகியிருக்காது. ஆள் வாட்டசாட்டம், மீசை அதைவிட வாட்டசாட்டம். ஊசியைப் பார்த்ததும் மீசை தொங்கிவிட்டது.

"வலிக்குமா அக்கா?"

"எறும்பு கடிக்கிற மாதிரி இருக்கும்."

"எந்த எறும்புன்னு சொல்ல மாட்டேங்கிறியே."

"வாய மூடிட்டுக் கைய நீட்டு. வேன் நெறைய வாலுங்கள மேய்க்கிறவன், ஒரு ஊசிக்கு இந்தப் பாடா?"

"அதுங்க கடிக்கும். குத்தாது." கண்ணை இறுக மூடிக்கொண்டார். "முடிஞ்சுதா?"

"இன்னும் பஞ்சே வைக்கலடா!"

முடிந்த பிறகு நான் நீட்டிய தட்டைப் பார்த்து, "இவ்வளவு ரத்தத்துக்கு வெறும் பிஸ்கட்டா? உங்க ஆபீஸ் ரொம்பக் கஞ்சம் சார்" என்றார். வாழ்க்கையில் என்னை முதன்முதலாக சார் என்றவர் அவர்தான். ஒரு பிஸ்கட்டை வாயில் போட்டு, இரண்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். மகளுக்காம். பள்ளி விடும் நேரம் ஆகிவிட்டது என்று வேகமாகப் படியிறங்கினார்.

அடுத்து நடந்தது அக்கா பிறகு சொல்லித்தான் எனக்குத் தெரியும். அன்று ஏ.சி. பழுது. அறை வெந்துகொண்டிருந்தது. சின்னச் சுழல் இயந்திரத்தில் பக்கத்து ஆய்வகத்துக்காரர்களின் ட்யூப்கள் ஓடிக்கொண்டிருந்தன. அது முடியும்வரை காத்திருக்க வேண்டும். அன்றைக்கு எடுத்த ரத்தமெல்லாம் ஸ்டாண்டில் நின்றது. ரத்தத்தை அறை வெப்பத்திலேயே வைக்க வேண்டும், ஐஸில் வைக்கக் கூடாது என்று சுவரில் ஒட்டியிருந்தது. ஏன் என்று அதில் இல்லை. அக்காவும் அதுவரை அதை ஒருமுறைகூட மீறியதில்லை.

அன்று தம்பியின் ட்யூப்பை மட்டும் ஸ்டாண்டிலிருந்து எடுத்தார். துடைத்தார். பக்கத்தில் வேறு வேலைக்காக வைத்திருந்த ஐஸ் பெட்டியில் குழி செய்து அதில் வைத்தார். இயந்திரம் காலியானதும் எடுத்து, மற்றதோடு சேர்த்து, வழக்கம்போல் இரண்டு முறை சுழற்றி, இரண்டு சின்ன ட்யூப்களில் பிரித்து உறைய வைத்தார். அதில் தப்பாக எதுவும் செய்ததாக அவருக்குத் தோன்றவில்லை. நல்லபடியாகப் பார்த்துக்கொண்டோம் என்றுதான் தோன்றியது.

அடுத்த வருடம் மறுபடி ரத்தம் கேட்டபோது தம்பி வரவில்லை. "போன வருஷம் குத்தினதே இன்னும் வலிக்குது" என்று சொல்லி அனுப்பினார்.

அதற்கடுத்த வருடம் அவருக்கு முதுகு வலிக்க ஆரம்பித்தது. நாள் முழுக்க வேன் சீட்டில் உட்காருகிறவருக்கு முதுகு வலிக்காமல் என்ன செய்யும்? உடம்பு இளைத்தது. சர்க்கரை கட்டுக்குள் வந்துவிட்டது என்று பார்த்தவர்களெல்லாம் பாராட்டினார்கள். பேண்ட்டைப் பிடித்துச் சுருக்கித் தைத்துக் கொடுத்தது அவர் மனைவி. ஒருநாள் வேனில் ஒரு பிள்ளைதான், "அங்கிள், உங்க கண்ணு மஞ்சளா இருக்கு" என்றதாம். கணையத்தில் தொடங்கி ஈரல்வரை பரவியிருந்தது. அறுவை சிகிச்சைக்கு இடமே இல்லை என்றார்கள். அதற்குப் பிறகு மருத்துவமனைக்கும் வீட்டுக்குமாகக் கொஞ்ச நாள் அலைந்தார்கள். அவ்வளவுதான். போய்விட்டார்.

அக்கா விடுப்பு முடிந்து திரும்பியபோது யாரிடமும் சரியாகப் பேசவில்லை. எடை பார்க்கும்போது கிண்டல் செய்ய எங்களுக்கும் மனம் வரவில்லை. ஒருநாள் டீ ஆறிப்போகும்வரை கையில் வைத்திருந்துவிட்டு, தம்பி மனைவியைப் பற்றிச் சொன்னார்.

"தூங்கவே மாட்டேங்கிறா. 'முதுகு வலிக்குதுன்னு சொன்னாரு அண்ணி, நான் தைலம் தேச்சு விட்டேன். ஆஸ்பத்திரிக்குப் போலாம்னு ஒரு வார்த்தை சொல்லலியே, மாசக்கணக்கா தைலம் தேச்சுட்டு இருந்தேனே'ன்னு இதையேதான் சொல்றா. நேத்து ஒண்ணு கேட்டா பட்டதாரி. 'அவரு ரத்தம் உங்ககிட்ட இருக்குல்ல அண்ணி, அதப் பாத்தா அப்பவே இருந்துச்சா இல்லியான்னு தெரியுமா?'ன்னு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"தெரியும்னேன். அப்பவே இருந்துச்சுன்னா, வலி வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே உள்ள உக்காந்திருக்குன்னு ஆகும். அவ தைலம் தேச்ச அந்த நாளால எதுவும் மாறிடலன்னு ஆகும். அவளுக்கு அது போதும்."

ஆய்வுக்காக ட்யூப்களை எடுக்கும் முறை வந்தது. நோய் வந்தவர்களுடையதும், வராதவர்களுடையதும் கலந்து எடுத்தோம். எண் மட்டும்தான் எங்களுக்குத் தெரியும்; எந்த எண்ணுக்கு எப்போது நோய் வந்தது என்ற பட்டியல், பெயரில்லாமல், மேடத்திடம் இருந்தது. தம்பியின் எண் அக்காவுக்குத் தெரியும், அவர் ஒட்டிய எண்தானே. வாயைத் திறக்கவில்லை.

உறைந்ததை இளக்கினோம். நுண்மணிகள் அடைத்த கண்ணாடிக் குழலின் வழியே சொட்டுச் சொட்டாக விட்டோம். பெரியது முன்னால் வரும், சின்னது மணிகளுக்குள் சுற்றிச் சுற்றிப் பின்னால் வரும். முன்னால் வந்த பொட்டலங்களைப் பெரிய இயந்திரத்தில் சுழற்றி அடியில் சேர்த்தோம். பொட்டலத்துக்கு வெளியே ஒட்டிக்கொண்டிருக்கும் ஆர்.என்.ஏ.வை ஒரு நொதி விட்டுத் தின்ன வைத்தோம், அப்போதுதான் உள்ளே இருப்பது மட்டும் மிஞ்சும். பிறகு சோப்பு போன்ற ஒன்றை விட்டுப் பொட்டலங்களை உடைத்து, சரக்கில் பாதியை ஆர்.என்.ஏ. பார்க்கவும், பாதியைப் புரதம் பார்க்கவும் வைத்தோம். கணையப் புற்றில் கூடுகிற ஓர் ஆர்.என்.ஏ.வைத்தான் எண்ணினோம்; அந்த முடிவுதான் முதலில் வரும்.

திரையில் கோடுகள் ஒவ்வொன்றாக எழுந்தன. எவ்வளவு சீக்கிரம் எழுகிறதோ அவ்வளவு சரக்கு. ஒரு கோடு மட்டும் மற்றதற்கெல்லாம் முந்திக்கொண்டு விருட்டென்று எழுந்தது.

"இது யாரு!" மேடம் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "நோய் தெரியறதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி எடுத்த ரத்தம். இவ்வளவு தெளிவாவா இருக்கும்? இது மட்டும் நெஜமா இருந்தா, நம்ம ஆய்வுல இத விடப் பெரிய சங்கதி கிடையாது."

"புரதம் இன்னும் வரல மேடம்" என்றேன்.

"வரட்டும், வரட்டும். ஒரு நாளாவது என்ன சந்தோஷமா இருக்க விடு."

அக்கா எங்கள் பின்னால்தான் நின்றிருந்தார். திரும்பிப் பார்த்தபோது ஆளைக் காணோம். தாழ்வாரத்துக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சுவரோடு ஒட்டி நின்று போன் பேசிக்கொண்டிருந்தார். திரும்பி வந்தபோது முகம் கழுவியிருந்தார்.

"அவகிட்ட சொல்லிட்டேன் பட்டதாரி. அப்பவே இருந்துச்சுன்னு."

எனக்கு அப்போதுதான் அது யாருடைய எண் என்று உறைத்தது. "அக்கா, யாருக்கும் சொல்லக் கூடாதே."

"தெரியும். ஃபோன்லயே அழுதா. அப்புறம், 'அண்ணி, நான் கொஞ்சம் படுக்கறேன்'ன்னா. பட்டப்பகல்ல. எவ்வளவு நாளாச்சு தெரியுமா அவ அப்படிச் சொல்லி?" அவர் சிரித்தார். தம்பி போன பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

புரதம் இரண்டு நாள் கழித்து வந்தது. பொட்டலச் சரக்கிலிருக்கும் புரதங்களை ஒரு மெல்லிய தாளில் ஏற்றி, ஒவ்வொரு அடையாளமாகக் கேட்போம். இருந்தால் அந்த இடத்தில் கறுப்புப் பட்டை விழும். கடைசியில் கேட்பது தட்டணுவின் அடையாளம். ரத்தத்தைச் சரியாகக் கையாண்டிருந்தால் அது எல்லா வரியிலும் மங்கலாகத்தான் விழ வேண்டும். அப்படித்தான் விழுந்திருந்தது. தம்பியின் வரியில் மட்டும் தார் ஊற்றினதுபோல் கறுத்துக் கிடந்தது.

மேடம் தாளை வெளிச்சத்தில் பிடித்தார். "இந்த ஒண்ணுக்கு மட்டும் என்ன வந்துச்சு? ரத்தம் எடுக்கறப்ப கையில கட்டு ரொம்ப நேரம் போட்டிருந்தீங்களா அக்கா? இல்ல ஒரு சுத்து விட்டுப்போச்சா?"

"ரெண்டு சுத்தும் சுத்தினேன் மேடம்."

மேடம் பதிவுகளைப் பார்த்தார். எல்லாம் ஒழுங்காக இருந்தது. கொஞ்ச நேரம் பேனாவைத் தட்டிக்கொண்டிருந்தார். "அப்படின்னா இவரு உடம்புலயே தட்டணு கிளம்பியிருக்கு. புற்றுநோய்ல அது நடக்கறதுதான். சொல்லப்போனா இதுவும் ஒரு அறிகுறிதான். அப்படியே சேத்துக்கலாம்."

தப்பிக்கக் கதவு அகலத் திறந்து கிடந்தது. அக்கா பேசாமல் இருந்திருந்தால் அந்த நிமிடத்தோடு எல்லாம் முடிந்திருக்கும். தம்பியின் கோடு அச்சில் ஏறியிருக்கும். தம்பி மனைவி தூங்கிக்கொண்டிருப்பார். நான் அக்காவைப் பார்த்தேன். அவர் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மேடம், அது ஐஸ்ல இருந்துச்சு."

"எது?"

"அந்த ட்யூப்பு. எடுத்த அன்னிக்கு. மெஷின் காலியாகற வரைக்கும் நான்தான் ஐஸ்ல வச்சேன். மத்தது எதையும் வைக்கல. அது ஒண்ணுதான்."

"ஏன் அக்கா?"

"என் தம்பி மேடம் அது."

மேடம் உட்கார்ந்தார். திட்டுவார் என்று நான் எதிர்பார்த்தேன். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, ரொம்ப மெதுவாகச் சொன்னார். தட்டணுவுக்குக் குளிர் ஆகாது. குளிர் பட்டால் உடம்பில் எங்கோ காயம் என்று நினைத்து விழித்துக்கொள்ளும், கையிலிருக்கிற பொட்டலத்தையெல்லாம் வாரி இறைக்கும். சுழற்றினால் தட்டணு போய்விடும், இறைத்த பொட்டலம் தண்ணீரிலேயே நிற்கும். நாங்கள் எண்ணிய அந்த ஆர்.என்.ஏ. தட்டணுவின் சரக்கிலும் தாராளமாக உண்டு. கோடு அவ்வளவு வேகமாக எழுந்தது அதனால்தான்.

"ஐஸ்ல வைக்காதேன்னு எழுதி ஒட்டினேன். ஏன்னு ஒரு வரி எழுதியிருந்தா நீங்க வச்சிருக்க மாட்டீங்க. அது என் தப்பு" என்றார் மேடம்.

"அப்ப அதுல நோய் இல்லியா மேடம்?"

"அப்படியும் சொல்ல முடியாது. இருக்கலாம். இந்தக் கூச்சலுக்கு நடுவுல அது பேசினாலும் நமக்குக் கேக்காது."

உறைபெட்டியில் இன்னொரு ட்யூப் மிச்சம் இருந்தது. தட்டணுவின் பொட்டலங்களை மட்டும் பிடித்துக்கொள்ளும் காந்த மணிகள் உண்டு. அவற்றை விட்டுக் கலக்கி, காந்தத்தால் ஒரு பக்கம் இழுத்துவிட்டு, மிஞ்சியதைப் பார்க்கலாம் என்று மேடம்தான் சொன்னார். அக்காவுக்காகத்தான் சொன்னார் என்று எனக்குப் பட்டது. நான் செய்தேன். ஒரு சொட்டுகூட வீணாகாமல், அக்கா எடை பார்ப்பதுபோலப் பார்த்துப் பார்த்துச் செய்தேன். என் படிப்பு முழுக்க அந்த ஒரு நாளுக்காகத்தான் படித்தேனோ என்று தோன்றியது.

மணிகள் பெரும்பகுதியை வாரிக்கொண்டு போய்விட்டன. மிஞ்சியது அற்பம். ஒரே சரக்கைச் சோதனைத் தட்டின் மூன்று குழிகளில் வைத்தேன். ஒரு கோடு கடைசி நேரத்தில் தட்டுத் தடுமாறி எழுந்தது. மற்ற இரண்டும் படுத்தே கிடந்தன. எழுந்த அந்த ஒன்றும், மணிகளுக்குத் தப்பிய தட்டணுப் பொட்டலமாகவே இருக்கலாம். இருக்கிறது என்று சொல்ல அது போதாது. இல்லை என்று சொல்லவும் போதாது. அக்கா திரையைக் கடைசிவரை பார்த்தார். பிறகு காலி ட்யூப்பை அவரே எடுத்து, விதிப்படி, மருத்துவக் கழிவுக்கான சிவப்புத் தொட்டியில் போட்டார்.

அந்த எண்ணை ஆய்விலிருந்து எடுத்துவிட்டோம். வீட்டுக்குச் சொன்னதையும் அக்கா மேடத்திடம் ஒப்புக்கொண்டார். மேடம் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். "நீங்களே போய்ச் சரி பண்ணுங்க அக்கா. அப்புறம் என்கிட்ட வந்து பேசுங்க."

அடுத்த விடுமுறை நாளில் என் வண்டியில்தான் போனோம். "நீ வந்து சொல்லு பட்டதாரி. படிச்சவன் சொன்னா அவளுக்குப் புரியும்" என்றார். தெருவில் பிள்ளைகள் பந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். மாடிப்படிக்குக் கீழே ஒரு சின்ன வீடு. தம்பி மனைவி துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தார். இப்போது அதே பள்ளி வேனில் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் வேலை அவருக்கு, வேறொருவர் ஓட்டுகிறார். முகம் முன்னைவிடத் தெளிந்திருந்தது. எங்களைப் பார்த்ததும் நாற்காலியிலிருந்த துணிகளை அள்ளிவிட்டு இடம் செய்தார்.

நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, தட்டணு என்றால் என்ன என்பதில் ஆரம்பித்தேன். இரண்டு வாக்கியம்கூடப் போகவில்லை. அக்கா என் முழங்காலில் கை வைத்து நிறுத்தினார்.

"நான் அன்னிக்கு ஃபோன்ல சொன்னது தப்பும்மா."

மடித்துக்கொண்டிருந்த கை நின்றது. "அப்ப இல்லியா?"

"இல்லைன்னும் தெரியாது. அவன் ரத்தத்த நான் கெடுத்துட்டேன். ஐஸ்ல வச்சேன், வைக்கக் கூடாது. இப்ப அதுல இருந்துச்சா இல்லியான்னு யாராலயும் சொல்ல முடியாது."

"வைக்காம இருந்திருந்தா?"

"சொல்லியிருக்கலாம்."

தம்பி மனைவி என்னைப் பார்த்தார். நான் தலையை அசைத்தேன்.

"அன்னிக்குத்தான் அண்ணி நான் தூங்கினேன்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. தனக்குள் ஏதோ கணக்கு சரிபார்ப்பதுபோலச் சொன்னார். "எங்கம்மாகிட்ட சொன்னேன். பாப்பாகிட்டகூடச் சொன்னேன், அப்பாவுக்கு முன்னாடியே இருந்துச்சாம், நம்மளால ஒண்ணும் ஆகலன்னு. இப்ப அவகிட்ட என்ன சொல்ல?"

அக்கா பக்கத்திலிருந்த ஒரு துணியை எடுத்து மடித்தார்.

"ஏன் அண்ணி ஐஸ்ல வச்சீங்க?"

"எல்லாரு ரத்தம் மாதிரி அவனோடதும் அந்த வெக்கையில நிக்கணுமான்னு இருந்துச்சு. அவனுக்குன்னு தனியா நான் என்ன செஞ்சிருக்கேன்? அதாவது செய்யலாம்னு..."

"அவரு என்னிக்காவது எதையாவது தனியா கேட்டிருக்காரா?"

அக்கா இல்லை என்று தலையாட்டினார்.

"அப்ப நின்னிருக்கலாமே அண்ணி. எல்லாரோடதோடயும் சேந்து நின்னிருக்கலாமே."

உள்ளேயிருந்து மகள் எட்டிப் பார்த்து, "அத்தை, எப்ப வந்தீங்க?" என்றாள். அக்கா அவளைப் பக்கத்தில் உட்கார வைத்து, படிப்பைப் பற்றி ஏதோ கேட்டார். அவள் ஏதோ சொன்னாள். தம்பி மனைவி மடித்த துணியையே மறுபடி உதறி மடித்துக்கொண்டிருந்தார். எப்போது போனாலும் சாப்பிடாமல் விடமாட்டார் என்று வழியில் அக்கா சொல்லியிருந்தார். அன்று ஒரு தம்ளர் தண்ணீர்கூட வரவில்லை. தம்பி மனைவி அதைக் கவனித்த மாதிரியும் தெரியவில்லை.

நாங்கள் எழுந்தபோது வாசல்வரை வந்தார். நான் வண்டியைத் திருப்பினேன். அக்கா செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணி, இனிமே அதப் பத்தி என்ன தெரிஞ்சாலும் எனக்குச் சொல்லாதீங்க."

அக்கா நிமிர்ந்து பார்த்தார். "இனிமே தெரியறதுக்கு ஒண்ணும் இல்லம்மா. ட்யூப்பு தீந்துடுச்சு."